ஒரு நூல் தள்ளி

எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் வருகிற மற்றவர்கள் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

போன வருஷம் சாரல் தொடங்கின வாரத்தில் என் இடது முட்டியைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பும் எலும்பும் உரசுகிறது, இனிமேல் தரையில் மண்டி போடக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழ வேண்டும் என்று சொன்னார். வீட்டில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. டைல்ஸ் தரையில் சுஜூதுக்காக நான் முன்னால் குனிந்தால் அது பின்னால் போகும். படைத்தவன் முன்னால் இருக்கிற நேரத்தில் பாதி நினைப்பை நாற்காலியின் காலுக்குக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தொழுகிறவர்களுக்குத் தெரியும். நல்ல உயரமாக, கனமாக, வழுக்காத மர நாற்காலி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வாங்கவா? நானே செஞ்சு தாறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் நாசர், சவூதியில் தம்மாமில் ஒரு பால் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் பார்த்தவர். தென்காசிக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. எண்ணுவதற்குப் பால் டப்பா இல்லாமல் தவித்துப்போய் முதல் மாதமே என் அடுக்களையை எண்ணி முடித்து, மல்லித்தூள் டப்பாவில் 'மல்லித்தூள் – 2' என்று எழுதி ஒட்டியிருந்தார். அந்த வேலையும் தீர்ந்த பிறகுதான் போனில் ஒரு ஜப்பான்காரர் ஆணியே இல்லாமல் மேசை செய்கிற வீடியோ அவர் கண்ணில் பட்டது. கிரகம் பிடித்தது அன்றைக்குத்தான்.

குற்றாலம் போகிற ரோட்டில் அய்யாக்குட்டி ஆசாரிக்குப் பட்டறை. நாற்பத்தைந்து வயது இருக்கும், இவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் செய்த கதவு மழைக்காலத்திலும் இழுத்த இழுப்புக்கு வரும் என்று ஊரில் பேர். காலையில் சொன்னால் சாயங்காலம் ஸ்டூல் கொடுத்துவிடுவார், ஏனென்றால் அறுக்க மிஷின், இழைக்க மிஷின், துளை போட மிஷின் எல்லாம் வைத்திருக்கிறார்.

"மிஷின் வேண்டாம் ஆசாரி. நான் பரம்பரை முறையில கத்துக்கணும்" என்று இவர் சொன்னார்.

அய்யாக்குட்டி தன்னுடைய பரம்பரை முறையைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பாய் ஆசைப்படுகிறாரே என்று இறக்கிக் கொடுத்தார். இழைப்புளியில் எட்டுக்கால் பூச்சி குடும்பம் நடத்தியதாம்.

இவர் அதற்குள் ஆன்லைனில் தோல் ஏப்ரன் வாங்கியிருந்தார். எட்டு உளி வாங்கியிருந்தார். வாட்ஸ்அப்பில் 'மரமும் மனமும்' என்று ஒரு குரூப் தொடங்கி, வளைகுடாவில் இருந்து திரும்பின கூட்டாளிகள் நாற்பத்து மூன்று பேரைக் கேட்காமலே சேர்த்திருந்தார். அதில் தினமும் காலையில் ஒரு குரல் பதிவு போகும். "மரத்தோட பேசணும், அப்பத்தான் அது நமக்கு வழி விடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு போனில் பேசியவர், "சாப்ட்டியா, பிள்ளை படிக்குதா, வச்சிருதேன்" என்பதைத் தாண்டிப் பேசியது கிடையாது.

இரண்டாவது வாரம் ஒரு நாள் பட்டறையில் இருந்து வந்ததும் பீரோவைத் திறந்து எதையோ தேடினார். அவருடைய வாப்பா கடையநல்லூரில் தறி போட்டிருந்தவர். அந்தக் காலத்து நூல்கண்டு ஒன்று பீரோவில் கிடந்தது. அதை எடுத்து ஏப்ரன் பையில் போட்டார்.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆசாரி சொல்லுதான், கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி அறுக்கணுமாம். பொறவு இழைச்சு இழைச்சுக் கோட்டுக்குக் கொண்டாரணும். எவ்வளவு நுணுக்கம் பாத்தியா?" என்றார். "ஆனா எந்த நம்பர் நூல்னு சொல்லல. நாப்பதா, அறுபதா தெரியல. இது அறுபது. நைசா இருக்கும்."

"அவர்ட்டயே கேக்க வேண்டியதான?"

"நல்லா இருக்கே. தறிக்குழியில பொறந்தவன் நூல்னா என்னன்னு ஆசாரிட்ட போயி கேக்கவா? சிரிக்க மாட்டானா?"

எனக்கும் மரவேலை தெரியாது. சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மாதங்கள் போயின. ஆணியில்லாத நாற்காலிக்குக் காலில் துளை இருக்க வேண்டும், சட்டத்தின் நுனியில் அதற்கு ஏற்ற கழுந்து இருக்க வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று இறுகி உட்கார வேண்டும். இவர் செய்தவற்றில் ஒன்றும் இறுகவில்லை. அறுக்கும்போது சரியாக இருக்கிற கட்டை, இழைத்து முடித்தால் குட்டையாகிவிடும். கால் நான்கும் நான்கு உயரம். ஆகஸ்டில் கேட்டபோது, சாரலில் மரம் ஈரம் குடித்திருக்கிறது என்றார். நவம்பரில் அடைமழை. டிசம்பரில் பனி. ஜனவரியில் வெயில் ஏறிவிட்டது, மரம் சுருங்குகிறது என்றார். ஒரு நாற்காலிக்காகப் பருவங்கள் எல்லாம் முறை வைத்து எதிர்க்கட்சி நடத்தின.

வீணான கட்டைகளைத் தூக்கிப் போடவும் மாட்டார். கற்றுக்கொண்டதற்கு அடையாளமாம். எல்லாம் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கப்பட்டு, 'பின்கால் – 7', 'சட்டம் – 11' என்று லேபிளோடு இருந்தன. ஏழு பின்கால் இருக்கிற வீட்டில் நான் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு முட்டுக்கொடுத்து ஐந்து நேரமும் தொழுதேன். சுவரில் அது உரசி ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

நோன்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது இவர் ஒரு வழியாக ஒரு நாற்காலியைச் சேர்த்து நிறுத்தினார். அது நின்றது என்று சொல்ல முடியாது. தொட்டால் தலையை ஆட்டியது. "செட்டாகணும், ஒரு வாரம் விட்டுப் பாப்போம்" என்று பட்டறையிலேயே வைத்துவிட்டு, புளியங்குடியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று மூன்று நாள் போய்விட்டார்.

நோன்பு மாதத்தில் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, இரவில் நீளமாகத் தொழ வேண்டும். இந்தப் பிளாஸ்டிக்கை நம்பி எப்படி இருப்பது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாளே ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன்.

"தம்பி, நோன்பு வந்துட்டு. நான் எதுல உக்காந்து தொழ?" என்று கேட்டேன்.

அய்யாக்குட்டி கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தார். "பாய் செய்யுதாவன்னுதான் அக்கா நான் கை வைக்காம இருக்கேன். அவ்வொ மனசு நோகக் கூடாதுல்லா."

"என் முட்டி நோவலாமா?"

அவர் டேப்பை எடுத்தார். என்னை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லி, தரையில் இருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் டேப்பைப் பிடித்தார். "பதினேழு இஞ்சு, மூணு நூல்" என்று சொல்லிப் பலகையில் எழுதினார்.

"நூலா? டேப்புல ஏது தம்பி நூலு?"

அவர் டேப்பை என் பக்கம் திருப்பி, நகத்தால் தொட்டுக் காட்டினார். "இந்தா, இங்கன இருந்து இங்கன ஒரு நூலு. இஞ்சுக்கு எட்டு நூலுக்கா. கம்பி வாங்கப் போனாக்கூட மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பின்னுதான கேப்பாவ."

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதாம் நம்பர் நூலில் எத்தனை இழையை அதற்குள் அடுக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். ரம்பத்தின் பல்லே அந்த இழையைவிடத் தடிமன். இவர் கோட்டின் மேலேயே அறுத்து, அதற்குப் பிறகு இழைத்தும் இருக்கிறார். கட்டை குறையாமல் வளரவா செய்யும்?

"அப்ப உங்க பாய் பையில ஒரு நூல்கண்டு வச்சிருக்காவளே, அதப் பத்தி நீங்க ஒண்ணுமே கேக்கலயா?"

"அதுவா" என்று அய்யாக்குட்டி குரலைத் தாழ்த்தினார். "பொட்டல்புதூர் தர்காவுல ஓதிக் குடுத்த நூலுன்னு நெனச்சேன்க்கா. ஒவ்வொரு கட்டையையும் அறுக்கதுக்கு முன்ன எடுத்து அப்பிடியே பக்தியா மேல வைப்பாவ. சாமி விசயம், நாம போயி என்னன்னு கேக்கக் கூடாதுல்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. ஏழு மாதம். ஒருவர் மானத்துக்காகக் கேட்கவில்லை, இன்னொருவர் மரியாதைக்காகக் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்தது என் முட்டி.

நூல் விஷயத்தை இவரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், 'நல்லது, இப்போது புரிந்துவிட்டது' என்று மறுபடியும் முதல் காலில் இருந்து தொடங்குவார். "தம்பி, நீங்களே செஞ்சிருங்க. மிஷின்லயே செய்யுங்க. பாய் செஞ்சதுன்னே இருக்கட்டும்" என்றேன்.

இவர் கல்யாணத்தில் இருந்து திரும்பிப் பட்டறைக்குப் போனபோது நாற்காலி ஆடாமல் நின்றது. "செட்டாயிட்டு பாய்" என்றாராம் அய்யாக்குட்டி. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்தாராம். பிறகு "நான் அப்பவே சொன்னம்லா, மரத்துக்கு நேரம் குடுக்கணும்னு" என்றாராம். பாலிஷ் போட்டு, புதுப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹாலில் ஜன்னல் ஓரம் வைத்துப் பதினாறு படம் எடுத்தார். குரூப்பில் நாற்பத்து மூன்று பேரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள்.

நான் ஆசையாக உட்காரப் போனேன்.

"ஏட்டி, உக்காந்துராத. பாலிஷ் காயல" என்றார்.

மறுநாளும் காயவில்லை. அதற்கடுத்த நாளும் காயவில்லை. நோன்பு பிறந்தது, அப்போதும் காயவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அதை நின்றபடியே பார்த்தார்கள். தூசி படாமல் இருக்க இவர் அதன் மேல் ஒரு டர்க்கி டவல் போட்டு வைத்தார். முதல் மூன்று நோன்பும் நான் பிளாஸ்டிக்கில்தான் தொழுதேன். மூன்று வாரம் முன்னால் வரைக்கும் எனக்கு நாற்காலி இல்லை. இப்போது நாற்காலி இருந்தும் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

நாலாம் நோன்புக்கு இவருடைய தம்பி மன்சூரையும் அவன் பெண்டாட்டியையும் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தோம். செங்கோட்டையில் இருந்து எங்கள் மகள் ஹஸீபாவும் வந்திருந்தாள். கஞ்சி குடித்து முடித்து, ஆண்கள் ஹாலிலேயே தொழுதுவிட்டு வடையோடு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டு நான் உள்ளே தொழப் போனேன். ஹாலில் இவர் பேசுவது எனக்குக் கேட்டது. "ஒரு நூல் கூடுனாலும் உக்காராது, ஒரு நூல் குறைஞ்சாலும் உக்காராது. அந்த நிதானம் வரதுக்கு எனக்கு ஏழு மாசம் ஆச்சு மன்சூரு."

நான் சுஜூதுக்குக் குனிந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி சுவரில் உரசி ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. கட்டில் சட்டத்தைப் பிடித்திராவிட்டால் முட்டியோடு சேர்த்து இடுப்பும் போயிருக்கும். தொழுகை முறிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் முட்டி வலிகூடத் தெரியவில்லை. ஹாலுக்குப் போய், டவலை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நாற்காலியின் மேல் கை வைத்தேன்.

"பாலிஷ் காயலட்டி" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

"காஞ்சிட்டு. போட்ட மறுநாளே காஞ்சிருக்கும்னு அய்யாக்குட்டி தம்பி போன்ல சொல்லிட்டு. அதுக்கு அளவு குடுத்ததே நான்தான" என்றேன்.

மன்சூருக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த வடையை எடுத்தான். இவருக்குப் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தார். எழுந்து வந்து நாற்காலியைத் தூக்கினார். உள்ளே கொண்டுபோய், மேற்கே கிப்லாவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

நான் மறுபடி முதலில் இருந்து தொழுதேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், அது அசையவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நாற்காலியின் நினைப்பே இல்லாமல் தொழுதேன். சந்தோஷமாக இருந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "ஒரு நூல்னா அப்ப எவ்வளவு?" என்று கேட்டார்.

"இஞ்சுக்கு எட்டு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அதான் கேட்டேன்."

"அப்ப இதுல என் வேலை ஒண்ணுமே இல்லயா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நல்லவேளை, பொய் சொல்ல வேண்டிய நிலைமை இல்லை.

"முதுகுல சாயுத சட்டம் அஞ்சுல ஒண்ணு உங்களுதுதானாம். தம்பி ஆப்பு வச்சு இறுக்கிச் சேத்திருக்கு."

அவர் முகம் மாறியது. "எது?"

"தடவிப் பாருங்க. ஒரு நூல் குறைஞ்சிருக்கும்."

அவர் நாற்காலிக்குப் பின்னால் போய், குனிந்து, ஒவ்வொரு சட்டமாகத் தடவத் தொடங்கினார். வசதியாகப் பார்க்கட்டும் என்று நான் எழுந்து கொடுத்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.