மெட்டில்டாவின் கோழி போட்ட கோடுகள்

1975 மார்ச் மாதம் தூத்துக்குடியில் மெட்டில்டாவின் வெள்ளைக்கோழி, தன் உடம்பு வழியே போன மஞ்சள் வெளிச்சத்தில் இருபத்தேழு கறுப்புக் கோடுகளைப் போட்டது. கல்லூரிப் பௌதிக விரிவுரையாளர் எபனேசர் படித்திருந்த கட்டுரைகளில் ஒன்பதுக்கு மேல் கிடையாது. அந்தக் கோடுகளுக்காகத்தான் மனிதர் ஏழு வருஷமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தார். விஷயம் இவ்வளவுதான்: சில படிகங்களில் வெளிச்சம் பட்டால் ஓர் எலக்ட்ரான் இருந்த இடத்தை விட்டு எழுந்துவிடும். எழுந்தது போய்த் தொலைகிறதா என்றால் இல்லை. விட்டுவந்த காலி இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர். எலக்ட்ரான் ஏறும் ஒவ்வொரு படிக்கும் ஒரு கறுப்புக் கோடு. மேலே ஏற ஏற இரண்டுக்கும் நடுவே தூரம் கூடும். இதைப் பார்க்கக் கடுங்குளிரும் நல்ல மெருகும் வேண்டும். சென்னையிலிருந்து வழிகாட்டிப் பேராசிரியர் கொடுத்த சிவப்புத் தாமிர ஆக்சைடு படிகமோ, துவரம்பருப்பு அளவு, வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிப்போயிருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் பாழ். வேறு வழியில்லாமல், முத்துக்கு மெருகு போடும் சிலுவையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சிலுவை அதை மனைவி மெட்டில்டாவிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

மங்கின முத்தைக் கோழிக்குப் போட்டு, கொஞ்ச நேரத்தில் அறுத்து எடுத்தால் பளபளவென்று வரும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மெட்டில்டா போட்டாள். அறுக்கத்தான் முடியவில்லை.

"தவசுகாலத்துல இந்த வீட்டுல கோழி அறுக்க மாட்டோம் சார். ஈஸ்டர் வரைக்கும் பொறுங்க."

"அதுக்குள்ள கல்லு வெளிய போயிருமே தாயி!"

"போவாது. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

எபனேசர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் கோழி வாசல் வெயிலில் வந்து நின்றது. பின்னால் சுவரில் மஞ்சளாக ஒரு திட்டு விழுந்தது, அதில் சீப்புப் பல்போலக் கோடுகள். மறுநாள் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கல்லூரிக்குத் தூக்கிப் போனார். நிறமாலைமானிக்கு முன்னால் அது உட்காராது. உட்கார்ந்தால் லென்ஸைக் கொத்தும். உலகத்தில் இத்தனை படிகம் இருக்க, இறகு உதிர்க்கிற படிகம் தனக்கா வாய்க்க வேண்டும் என்று நொந்துகொண்டே பதினேழு புகைப்படத் தகடு எடுத்தார். இருபதாம் கோட்டைத் தாண்டிய அன்று, கோழி ஆய்வுக்கூடத்தில் கொக்கரித்தது, முட்டை இரண்டு மைல் தள்ளி மெட்டில்டாவின் அடுப்படியில் விழுந்தது. "முட்டை இங்கன வந்துட்டு, தேட வேண்டாம்" என்று அவள் ஆள்விட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். எபனேசர் நாள்வாரியாகக் குறித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் எழுதிப் போட்டதற்கு வழிகாட்டி ஒற்றை வரியில் பதில் அனுப்பினார்: கோழி வேண்டாம், படிகத்தைத் திருப்பி அனுப்பு. முப்பதாம் தேதி ஈஸ்டர். பூசை முடிந்து வந்த சிலுவை கத்தியைத் தீட்டிக்கொண்டு கோழியின் காலைப் பிடித்தார். எபனேசர் ஓடிப்போய்ப் பிடுங்கினார்.

"நீங்கதான சார் கல்லக் கேட்டிய?" சிலுவைக்கு எரிச்சலாக வந்தது.

"கேட்டேன். இப்ப வேண்டாம். கல்லுல ஒரு கோடுகூட வரல, கோழியிலதான் வந்துச்சு. கைய எடும் வே!"

"ஏளா, இந்த சாருக்கு என்னதான் வேணுமாம்?" என்று சிலுவை மனைவியைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே எபனேசர் உட்கார்ந்து ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை எழுதினார். மாதிரி: கோழி, வெள்ளை, உயிருடன். வெப்பநிலை: நாற்பத்தொரு டிகிரி செல்சியஸ். வழிகாட்டியின் கையெழுத்துக்காகச் சென்னைக்கு ரயிலேறியபோது கோழியையும் மடியில் வைத்துக்கொண்டார். வழிகாட்டி சுவரில் விழுந்த கோடுகளை இரண்டு தடவை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மாதம் கழித்து ஆய்வேடு திரும்பி வந்தது. எபனேசர் கவரைப் பிரித்தார். தேர்வாளர்கள் மூவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். திருத்தம் ஒன்றே ஒன்று. கோழியின் வெப்பநிலையைக் கெல்வினில் தரவும். அவர் பேனாவை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்பத்தொன்றை அடித்துவிட்டு முந்நூற்றுப் பதினான்கு என்று எழுதினார்.