நாற்பது வரி ரேப்பர்

1

அறையில் இருந்தவர்கள்: மேனேஜர். மூன்று வார உழைப்பைத் தொலைத்த புரோகிராமர் (ஆபீசுக்கே அவர் சித்தப்பா). என் அக்கா. நான்.

இந்தக் கதை நான் எழுதிய ஒரு ரேப்பரில் பிறந்தது. நிரலில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதனோடு நேரடியாகப் பேசினால் உயிரை வாங்கும். நடுவில் மெல்லிசாக ஓர் உறை போட்டேன்; அதுதான் ரேப்பர். நாற்பது வரி. எடு, வை, அனுப்பு. மூன்றே கட்டளை.

2

தொடக்கம் ஒன்று: 'அன்று மழை பெய்துகொண்டிரு...' (பெய்யவில்லை. ஏசி ஒழுகியது.)

தொடக்கம் இரண்டு: 'ஒரு சிறு பிழையால்' (பிழையா? தெரிந்தே எழுதியது.) 'உனக்கு முன்னால் வேறொருவர் மாற்றியிருக்கிறார், ஏற்க முடியாது' என்று அமைப்பு மறுக்கும். உடனே ஆளாளுக்கு என் மேசைக்கு வந்து புலம்புவார்கள். எரிச்சலில், 'மறுத்தால், அங்கே இருப்பதை அழித்து மேலெழுதிவிடு' என்று ஒரு வரி சேர்த்தேன். புலம்பல் நின்றது. கைகூடத் தட்டினார்கள்.

3

போன வரைவில், 'அக்காவின் டோக்கன் எப்படியோ ரேப்பருக்குள் போயிருந்தது' என்று எழுதியிருந்தேன். எப்படியோவாம்! கால் முளைத்துப் போனதா? சோதித்துப் பார்க்க நான்தான் வைத்தேன்.* பிறகு எடுக்கவில்லை. டோக்கன் என்பது அமைப்பு ஆளை அடையாளம் காணும் ரகசியச் சாவி; அது உள்ளே இருக்கும்வரை ரேப்பர் வழியாக யார் எதை அனுப்பினாலும் அவள் பெயரில் பதிவாகும்.

திங்கட்கிழமை காலை, என்னிடமிருந்த பழைய பிரதியை 'அனுப்பு' என்றேன். ரேப்பர் மேலெழுதியதில் சித்தப்பாவின் மூன்று வாரம் போயிற்று. அவருடைய பழைய லேப்டாப்பைத் துடைத்துப் புதியது கொடுத்திருந்தார்கள். வேறு பிரதி இல்லை.

*நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்த என்னை இங்கே சேர்த்துவிட்டவள் அவள். வேண்டுமென்றேதான் இதை அடிக்குறிப்பில் தள்ளினேன்.

4

"உங்க பேர்தானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

"பேர் என்னோடது சார். அனுப்பினது நான் இல்ல," என்றாள் அக்கா.

"அப்ப பேய் வந்து அனுப்புச்சா?"

"பேயா இருந்தா பயந்துட்டுப் போயிருப்பேன் சார்," என்றார் சித்தப்பா. "மூணு வாரம். பொண்டாட்டி மூஞ்சியே மறந்துபோச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், உன் ரேப்பர்ல என்னோடது ஏதாச்சும் இருக்கா?"

"இரு, பாத்துச் சொல்றேன்."

பார்க்க என்ன இருக்கிறது? பன்னிரண்டாவது வரியில் அவள் டோக்கன். திரையை மேலும் கீழும் உருட்டினேன்.

5

முடிவு ஒன்று: 'நான்தான் சார்' என்று எழுந்து நிற்கிறேன். (படிக்க நன்றாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: அக்கா பளாரென்று ஓர் அறை விடுகிறாள். (விட்டிருக்கலாம்.)

நடந்தது: "ஒண்ணும் இல்லக்கா" என்றேன். மேனேஜர் கையை நீட்டினார். அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அது இல்லாமல் ஆபீஸ் கதவு திறக்காது.

பையை எடுத்துக்கொண்டு என் மேசையருகே நின்றாள். "அந்தப் பன்னெண்டாவது வரிய மொதல்ல எடுத்துடுடா. அடுத்து எவ மாட்டிப்பாளோ."

காலையிலேயே பார்த்திருக்கிறாள். என்னைக் கேட்டது தெரிந்துகொள்வதற்காக அல்ல.

என் அட்டை என் கழுத்தில்தான் தொங்குகிறது. வாசலுக்குப் பத்தடி. இந்த இடத்தில் என்னை எழுப்புவதோ உட்காரவைப்பதோ உங்கள் பாடு; ஏழு வரைவு எழுதிப் பார்த்துவிட்டேன், எழுந்திரு என்றால் கதைக்குள் இருக்கும் இவன் கேட்கமாட்டேன் என்கிறான். என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: அக்கா வெளியே போனாள். கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.