ஊசி எங்கே

திங்கட்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கிய கையோடு லாமி ஒரு ஆட்டை விரட்டினாள். வாட்ஸாப்பில் வந்த ஆடு. வெள்ளை வயிறு, கறுப்புக் காது, கீழே ‘பெருநாளுக்கு ஏற்றது, விலை பேசிக்கொள்ளலாம்’ என்று எழுத்து. படத்தை அழித்துவிட்டு, போட்டவருக்கு வழக்கமான வரியை அனுப்பினாள்: ‘இது ஊசிக் குழு. முதல் எச்சரிக்கை.’ அதன் பிறகுதான் மருந்துக்கடையின் ஃபிரிட்ஜைத் திறந்து, விஷமுறிவு மருந்துக் குப்பிகள் நான்கும் குளிராக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தாள்.

குழுவின் பெயர் ‘ஊசி எங்கே’. குர்மானாவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் யாரைப் பாம்பு கடித்தாலும், கடித்த இடத்தையும் பாம்பின் அடையாளத்தையும் அதில் எழுத வேண்டும். விஷமுறிவு ஊசி எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரிந்தவர் உடனே பதில் போட வேண்டும். பக்கத்தில் பைக் வைத்திருக்கிறவர் கிளம்ப வேண்டும். வேறு ஒரு சொல் கூடாது. ஊசி வந்து இறங்கினால்கூட இருப்பை முன்கூட்டி அறிவிக்கக் கூடாது என்று லாமி விதி வைத்திருந்தாள். அறிவித்தால் மறுநாளே யாராவது பெரிய மனிதரின் மைத்துனர் வந்து, ‘எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்’ என்று வாங்கிப் போய்விடுவார். கேட்டால் மட்டும் சொல்வது, கடிபட்டவருக்கு மட்டும் கொடுப்பது.

இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு அவள் கணவன் யோஹன்னா, பொழுது சாய்ந்து சோளக் காட்டிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து, “கயித்த மிதிச்சுட்டேன், லாமி” என்றான். சூரியன் இறங்கிய பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் பாம்பின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தொழுகைக்குப் போகிறவர்களும் சரி, தேவாலயத்துக்குப் போகிறவர்களும் சரி, கயிறு என்றுதான் சொல்வார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து அது வந்துவிடும். அன்றைக்கு அவனைப் பைக்கில் நடுவில் உட்கார்த்தி மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். மூன்றிலும் ஊசி இல்லை. நான்காவதில் இருந்தது. அங்கே போய்ச் சேரும்போது ஈறிலிருந்து வழிந்த ரத்தம் அவன் சட்டையெல்லாம் நனைத்திருந்தது. நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டே, “நேரா இங்க வந்திருக்கலாமே” என்றாள். அந்த ஒரு வாக்கியம் லாமியின் காதிலிருந்து இன்றுவரை இறங்கவில்லை. அவன் போய் நாற்பதாம் நாள் கழிந்ததும் இருபது பேரைச் சேர்த்துக் குழுவை ஆரம்பித்தாள்.

இருபது பேர் நானூறு பேர் ஆனதும் வம்பு வந்தது. வெள்ளிக்கிழமை வாழ்த்து, ஞாயிற்றுக்கிழமை வசனம், உர மூட்டை, கட்சிக்காரர் சிரிக்கும் படம். போன மழைக்காலத்தில் யாரோ ஒரு பாதிரியாருக்குப் பிறந்தநாள். இருநூறு கேக்குகளுக்கும் பலூன்களுக்கும் அடியில் ஒரு மாடு மேய்ப்பவனின் செய்தி புதைந்து கிடந்தது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் பார்த்தார்கள். ஆள் பிழைத்தான், முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. அதற்கப்புறம் லாமி இரக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை வெளியே. வெளியேற்றப்பட்டவர்கள் போனில் கூப்பிட்டு, அவள் செத்த புருஷன் வரைக்கும் இழுத்துத் திட்டினார்கள். எண்ணைப் பார்த்ததும் துண்டிக்க அவளும் பழகிக்கொண்டாள்.

ஆட்டை விரட்டிய கொஞ்ச நேரத்தில் இஷாயா வந்தான். குழுவில் பைக் ஓட்டுகிறவர்களில் முதல் ஆள், வாய்க்கும் முதல் ஆள். பைக்கை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தான்.

“என்னக்கா, விடிஞ்சதும் விடியாததுமா ஒரு ஆட்ட வெட்டிட்ட போல. நீ போலீசுக்குப் போயிருந்தா இந்நேரம் ஊரே காலியாயிருக்கும்.”

“ஊர் காலியாவட்டும். குழு சுத்தமா இருக்கணும்.”

“அந்தக் கயித்துக்கார ஜிப்ரினுக்கு நேத்து ரெண்டாவது எச்சரிக்கையாமே? பாவம்க்கா அவன். கயித்த விட்டா அவனுக்கு உலகத்துல வேற என்ன தெரியும்?”

ஜிப்ரின் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவன். சந்தையில் மாட்டுக் கயிறும் லாரிக் கயிறும் விற்கிறான். எழுத்துக்கூட்டி ஹவுசா மொழியில் எழுத வரும், அவ்வளவுதான். பதினைந்து நாளைக்குள் இரண்டு முறை குழுவில் போட்டிருந்தான்: ‘கயிறு இருக்கிறது. நல்ல முறுக்கு. ஜிப்ரின் கடை.’

“கயித்தச் சந்தையில விக்கட்டும். இங்க எதுக்கு?”

“மூணாவது தடவ போட்டா?”

“போட்டா போனதுதான். என் கூடப்பொறந்தவனா இருந்தாலும்.”

“உன் கூடப்பொறந்தவன் உன் கண்ணுலயே படமாட்டேங்கிறான், புத்திசாலி” என்று சிரித்துவிட்டு இஷாயா கிளம்பினான்.

வியாழக்கிழமை மாலை, மசூதியில் அழைப்பு முடிந்து தெருவில் இருட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரம், ஒரு மேய்ப்பனைக் கணுக்காலில் கடியோடு கொண்டுவந்தார்கள். கடைக்குப் பின்கட்டில்தான் கிளினிக். நர்ஸ் அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் நிறுத்தினாள். இருபது நிமிடம் ஆட்டாமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் விஷம் ஏறவில்லை. தண்ணீராக ஓடினால் ஊசி. லாமி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். யோஹன்னாவின் ரத்தம் ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ குழாய்களைப் பார்த்தும் அந்த இருபது நிமிடம் அவளுக்குச் சுருங்கவே இல்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. குழுவில் ஜிப்ரின்.

‘சுருட்டின கயிறு ஒன்று. எங்கள் வீட்டில். சீக்கிரம் சொல்லுங்கள்.’

அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இங்கே ஒருத்தன் உயிர் குழாயில் நிற்கிறது, இவனுக்குச் சீக்கிரம் விலை பேச வேண்டுமாம். செய்தியை அழித்தாள். ஜிப்ரினை வெளியே தள்ளினாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். இஷாயா விழுந்து விழுந்து சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஜிப்ரினின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. திட்டுவான் என்று தெரிந்து துண்டித்தாள். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்து, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நர்ஸ் குழாயைச் சாய்த்தாள். ரத்தம் அசையாமல் அடியிலேயே நின்றது. மேய்ப்பனின் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். நான்கு குப்பிகளும் ஃபிரிட்ஜில் அப்படியே இருந்தன. இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டே லாமி வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலையில் இஷாயா வந்தபோது பைக்கை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். லாமி கஞ்சிக் குவளையோடு வாசலுக்கு வந்தாள்.

“என்னடா, வாய்ல கொழுக்கட்டையா?”

“ஜிப்ரின் மகள நேத்துச் சாயந்திரம் அடக்கம் பண்ணிட்டாங்கக்கா.”

“எந்த மக?”

“ஜும்மாய். ஒம்போது வயசு. வியாழக்கிழமை கோழிய அடைக்க வேலிகிட்டப் போயிருக்கு. சுருட்டை விரியன். ஆத்துப் பாலத்துகிட்ட இருக்கிற ஆஸ்பத்திரில ராத்திரி பூரா குளுக்கோஸ் ஏத்தி வெச்சிருந்தாங்களாம். ஊசி இல்லையாம். மத்தியானம் பெரிய ஊருக்குக் கொண்டு போறப்ப வழியிலயே...”

லாமி குவளையைப் படியில் வைத்தாள். அது சாய்ந்து கஞ்சி ஓடியது.

“சுருட்டின கயிறுன்னுதான எழுதினான்?” இஷாயாவின் குரல் உடைந்தது. “சுருட்டினன்னு எழுதினான்க்கா. நான் பொறந்ததுலேருந்து பொழுது சாஞ்சா அப்படித்தான் சொல்றேன். நீயும் அப்படித்தான் சொல்ற. ஆனா அவன் எழுதினதும் நான் சிரிச்சேன். சிரிக்கிற மூஞ்சியப் போட்டேன்.”

லாமி குழுவைத் திறந்தாள். மேலே தள்ளி வியாழக்கிழமைக்குப் போய்த் தேடினாள். செய்தி இருந்த இடத்தில் நிர்வாகி நீக்கினார் என்ற சாம்பல் வரி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே கட்டைவிரல்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில், வருடக்கணக்காக அவள் ‘பின்’ குத்தி வைத்திருந்த விதிகள். இரண்டாவது விதி: ‘எந்த நேரமானாலும் பாம்பைப் பாம்பு என்றே எழுதவும்.’ ஒருவர்கூட அதைக் கேட்டு நடந்ததில்லை. பொழுது சாய்ந்தால் கயிறு, வார், தரையில் கிடப்பது என்றுதான் எழுதுவார்கள். அவளுக்கும் அது புரியும், பதில் போடுவாள். மற்ற யார் எழுதியிருந்தாலும் புரிந்திருக்கும். கயிறு விற்கிறவன் எழுதியதால் புரியவில்லை. யோஹன்னா அன்றைக்கு வாசலில் நின்று சொன்ன அதே சொல். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜிப்ரின் வீட்டுக்கு இஷாயாவின் பைக்கில் இருபத்தைந்து நிமிடம். ஃபிரிட்ஜைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

“நீ போகாதக்கா” என்றான் இஷாயா. “அவனுக்குத் தெரிஞ்சிருந்தா வெட்டிப் போடுவான்.”

“வெட்டட்டும். வண்டிய எடு.”

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அவள் அடுக்கிக்கொண்டே போனாள். நான்தான் அழித்தேன். நான்தான் வெளியே தள்ளினேன். நீ கூப்பிட்டபோது நான்தான் துண்டித்தேன். மூன்று வரிதான். சொல்லிவிட்டால் அவன் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இருந்தது.

வாசலில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லாமி உள்ளே போய்ப் பெண்களோடு கொஞ்ச நேரம் இருந்தாள். ஜும்மாயின் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், திரும்பவில்லை. லாமி வெளியே வந்தபோது ஜிப்ரின் அவளுக்காக எழுந்து காத்துக்கொண்டு நின்றான். ஒடிசலான ஆள். தாழ்வாரத்தில் அவனுக்குப் பின்னால் விற்காத கயிறுகள் வளையம் வளையமாகத் தொங்கின.

“ஊசிக் குழு அம்மா நீங்கதானே? போட்டோவுல பாத்திருக்கேன். ஆறு தாண்டி வந்திருக்கீங்க. அல்லா உங்களுக்கு நல்லது செய்யணும்.”

“ஜிப்ரின், நான்...”

“ஒண்ணு கேக்கணும் தாயீ. நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு.” அவன் அங்கியின் பையிலிருந்து போனை எடுத்தான். “வியாழக்கிழமை நான் எழுதினேன். புள்ள மடியில, ஒரு கையால எழுதினேன். பதில் வரல. மறுபடி எழுதலாம்னு பாத்தா எழுதற எடத்தையே காணோம். உங்களக் கூப்பிட்டேன், கட்டாயிட்டே இருந்துச்சு. எங்க பக்கம் டவர் அப்படித்தான்.”

லாமி அவன் பின்னால் தொங்கிய கயிறுகளைப் பார்த்தாள்.

“நீங்க மேல எழுதிப் போட்டிருக்கீங்கல்ல, பேரச் சொல்லியே எழுதணும்னு. என் பெரியவ படிச்சுக் காட்டியிருக்கா. எனக்குத் தெரியும். ஆனா இருட்டிடுச்சு. இருட்டினப்புறம் அந்தப் பேர எழுதக் கை வரல தாயீ. கயிறுன்னு எழுதிட்டேன். அதனாலதான் அது போய்ச் சேரலையோ? பேர எழுதியிருந்தா போயிருக்குமோ?”

மரத்தடியில் யாரோ செருமினார்கள். இஷாயா பைக்கின் மேல் தலையைக் குனிந்துகொண்டான்.

“கீழ இங்கிலீஷ்ல ரெண்டு வரி வந்திருக்கு” என்றான் ஜிப்ரின். “நேத்தே யார்கிட்டயாவது காட்டியிருப்பேன், நேரமில்ல. என்ன தப்புப் பண்ணினேன்னு பாத்துச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்கு எனக்கு. அடுத்த தடவ சரியா எழுதணும்.”

போனை அவள் கையில் வைத்தான். கண்ணாடியில் விரிசல். விரிசலுக்குக் கீழே, ஒன்றன் கீழ் ஒன்றாக, சின்ன எழுத்தில் இரண்டு வரிகள். இரண்டிலும், செய்தியை நீக்கியவராகவும் அவனை வெளியேற்றியவராகவும், அவள் பெயர் இருந்தது. வண்டியில் அடுக்கி வைத்திருந்த மூன்று வரிகளையும் தொண்டைக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையைப் போல.

திரை மங்கி அணைந்தது. வெளிச்சம் போதாமல் அவளுக்கு எழுத்து தெரியவில்லை என்று நினைத்து ஜிப்ரின் குனிந்தான். நார் உரசி உரசித் தடித்துப்போன கட்டைவிரலை நீட்டித் திரையைத் தொட்டு, மறுபடியும் அவளுக்கு வெளிச்சம் போட்டுக் கொடுத்தான்.