காலித் தியேட்டரில் இரண்டு சம்பந்திகள்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக் காட்சிக்கு ஸ்கூடாய் பேரங்காடித் தியேட்டரில் ஈ காக்கா இல்லை. கமலநாதனுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. தியேட்டரைத் தனக்காகவே கட்டியிருக்கிறார்கள், மற்றவர்களைப் போனால் போகிறதென்று உள்ளே விடுகிறார்கள் என்ற நினைப்பிலேயே அறுபது வயதைத் தாண்டியவர் அவர்.

படம் பார்க்க அவரிடம் சட்டங்கள் உண்டு. ஜி வரிசை, ஒன்பதாம் நாற்காலி. கண்ணுக்கும் காதுக்கும் சரியான மையம் அதுதான் என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், கருமாதி வீட்டிலும் சொல்வார். படம் ஓடும்போது பேசக்கூடாது. தின்னலாம், மெல்லுகிற சத்தம் வெளியே வரக்கூடாது. கைத்தொலைபேசியை எடுத்தால் மட்டும் மனிதருக்குக் கெட்ட கோபம் வந்துவிடும். தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற தொண்டை அது. "தம்பி, இங்க படம் ஓடுதா, உங்க போன் ஓடுதா?" என்று இருட்டில் அதட்டினால் மூன்று வரிசைக்குப் போன் அணையும். அப்படியும் அணைக்காதவர்களைப் பற்றி வாசலில் டிக்கெட் பார்க்கும் காக் ரோஸிடம் புகார் செய்து, அவளை டார்ச் விளக்கோடு உள்ளே அழைத்து வருவார். கமலநாதன் வருவதைப் பார்த்தாலே அந்த மலாய்க்கார அம்மாள் டார்ச்சுக்கு பேட்டரி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாள்.

விளக்கு மங்கி விளம்பரம் தொடங்கியது. கதவு திறந்தது. ஒரு கையில் பாப்கார்ன் வாளி, மறு கையில் பெரிய கோலா கப்பு என்று கனத்த உருவம் ஒன்று படியேறி வந்தது. ஒவ்வொரு வரிசையிலும் நின்று எழுத்தைக் குனிந்து பார்த்தது. ஜி வரிசைக்குள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து, கமலநாதனின் முட்டியை உரசிக்கொண்டு நின்றது.

பற்பசை விளம்பரத்தின் வெள்ளை வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. பொந்தியான் டயர்க்கடை மூர்த்தி. மகள் லோஷினியின் மாமனார். கமலநாதன் ஐந்து மாதமாகப் பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளாத சம்பந்தி.

மூர்த்தியும் பார்த்துவிட்டார். வாளி லேசாக ஆடியது. சுற்றிலும் நூறு நாற்காலிக்கு மேல் காலியாகக் கிடக்கின்றன. எதிலாவது போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இடம் மாறினால் பயந்துவிட்டதாக ஆகிவிடாதா? மூர்த்தி டிக்கெட்டைத் திரை வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டிவிட்டு, பத்தாம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கமலநாதனும் அசையவில்லை. முதலில் வந்தவர் எதற்கு அசைய வேண்டும்? ஒரே கைப்பிடியில் இருவர் முழங்கையும் உட்கார்ந்து சத்தமில்லாமல் நெருக்கிக்கொண்டன.

சண்டைக்குக் காரணமே தியேட்டர்தான். பேத்தி கவிஷாவுக்குச் சோறூட்டிய அன்று பொந்தியானில் மூர்த்தி வீட்டில் விருந்து. அந்த வாரம்தான் மூர்த்தி எண்பத்தைந்து அங்குல டிவியை வாங்கி ஹால் சுவரில் மாட்டியிருந்தார். சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளை உட்கார வைத்துப் புதுப்படம் ஒன்றை ஓடவிட்டார். ஓடவிட்டதாகச் சொல்வது தப்பு. நிறுத்தி நிறுத்தி நகர்த்தினார். தேநீர் வந்தால் நிறுத்தினார். யாராவது கழிப்பறைக்குப் போனால் நிறுத்தினார். நடுவே தானாகவே நிறுத்தி, ஸ்பீக்கர் எந்த மூலையில் இருக்கிறதென்று விளக்கினார். கதாநாயகியின் தாய் உயிரை விடுகிற கட்டத்தில், வாயைத் திறந்த மேனிக்கு அவளை நிறுத்திவிட்டு, "யாருக்காவது கேசரி வேணுமா?" என்றார்.

கமலநாதன் எழுந்துவிட்டார். "அந்தம்மாவ ஒன்னு சாக விடுங்க, இல்ல பொழைக்க விடுங்க! இதெல்லாம் படம் பாக்கிறதா?"

"நம்ம வீடு, நம்ம ரிமோட்டு," என்றார் மூர்த்தி. "இன்னும் ரெண்டு வருசத்துல உங்க தியேட்டருக்குள்ள பூனைதான் படுத்துக் கெடக்கும், பாருங்க."

"அப்படியா? இந்த டிவி முன்னால இனி நான் உக்காந்தா என்னான்னு கேளுங்க!"

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் வினை புரிந்தது. அந்த டிவி ஹாலின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அதன் முன்னால்தான் உட்கார வேண்டும். வாயால் கெட்டார் மனிதர். வீம்புக்குக் குடும்ப வாட்சப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டார். "பாப்பாவத் தூக்கிட்டு வந்து உங்கள சமாதானம் பண்றது என் வேலை இல்லப்பா, நீங்கதான் வரணும்" என்று லோஷினியும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மனைவி கிருஷ்ணம்மா வாராவாரம் பொந்தியானுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவாள். வந்து சோபாவில் சாய்ந்து, போனில் எடுத்த வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சிரிப்பாள். இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னால் வந்து எட்டிப் பார்த்தால் போனைக் கவிழ்த்துவிடுவாள்.

"நீங்கதான் சின்ன ஸ்கிரீன்ல எதையும் பாக்கமாட்டீங்களே. நேர்ல போய்ப் பெருசா பாருங்க."

நேற்று வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், கவிஷா நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று. அவ்வளவுதான், மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடி ஆடி நடக்கிறாளா, கையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாளா என்று கேட்க இவருக்கும் வாய் வரவில்லை. உள்ளுக்குள் தவித்துப் போனார். அந்தத் தவிப்பை மறக்கத்தான் காலையிலேயே தியேட்டருக்கு வந்தார். வந்த இடத்தில் மூர்த்தி வந்து உட்கார்கிறார் பக்கத்தில்!

படம் தொடங்கியது. மூர்த்தி பாப்கார்ன் மென்ற சத்தம் கப்பி ரோட்டில் லோரி போகிற மாதிரி கேட்டது. கமலநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். சண்டை போட்டவரிடம் "சத்தம் போடாதீங்க" என்று சொல்வதும் பேச்சில்தானே சேரும்.

கால்வாசிப் படத்தில் கோலா தன் வேலையைக் காட்டியது. மூர்த்திக்கு இனிப்பு நீர் வியாதி வேறு. முதலில் காலை மாற்றிப் போட்டார். பிறகு நெளிந்தார். அவருடைய வலது கை தன்னையறியாமல் கைப்பிடியின் மேல் எதையோ தேடித் தடவியது. ரிமோட்டைத் தேடுகிறார் என்று கமலநாதனுக்குப் புரிந்தபோது வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். திரையில் கதாநாயகனின் கல்யாணத்தில் தாலி கட்டப் போகிற நேரம். இந்த நேரம் பார்த்து மூர்த்தி எழுந்து, திரையைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக ஓடினார்.

திரும்பி வந்தபோது திரை முழுக்கப் போலீஸ். கல்யாண மண்டபம் எரிகிறது. மணப்பெண்ணைக் காணவில்லை. கதாநாயகனையும் காணவில்லை. மூர்த்தி திரையைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். தியேட்டரில் கேட்பதற்கு வேறு ஒரு ஜீவன் கிடையாது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தார்.

"என்னாச்சு?" என்றார் கடைசியில், திரையைப் பார்த்தபடியே.

கமலநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை, அதுவும் அந்தப் பக்கத்திலிருந்து! நிதானமாகத் தொண்டையைச் செருமினார்.

"கதாநாயகன் செத்துட்டான்."

"அலமாக்! அதுக்குள்ளயா?"

"வெட்டிப் போட்டுட்டாங்க."

பச்சைப் பொய். காணாமல் போன மணப்பெண்ணைத் தேடிக் கதாநாயகன் பஸ் ஏறிய காட்சிதான் மூர்த்திக்குத் தப்பிப்போனது. அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அறுபது பேரோடு ஆட வந்துவிட்டான்.

"செத்துட்டான்னீங்க?"

"இது ப்ளாஷ்பேக்."

மூர்த்தி நம்பிவிட்டார். பாட்டு முழுவதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "பாவம்லா, சாகப்போறது தெரியாம எப்படி ஆடுறான் பாருங்க," என்று சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தார். கமலநாதனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. என்றாலும் சுகமாக இருந்தது. பாட்டு முடிந்து அதே கதாநாயகன் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்தான்.

"இது யாரு?"

"தம்பி. ரெட்டைப் புள்ள."

மூர்த்தி மெல்லத் திரும்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கமலநாதன் உதட்டை இறுக்கி வைத்திருந்தார், மீசைதான் காட்டிக்கொடுத்தது. பிடித்து வைத்திருந்த சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது. இவ்வளவு நேரமும் ஏமாந்து அழுதது உறைக்க, மூர்த்தி ஒரு கை பாப்கார்னை அள்ளி அவர் மடியில் எறிந்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். தொப்பை குலுங்க, நாற்காலி கிறீச்சிட, இரண்டு தாத்தாக்களும் படத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"வீடு நிறைய டிவிய வச்சுக்கிட்டு இங்க என்னா சம்பந்தி வேலை?" என்று கேட்டார் கமலநாதன். படம் ஓடும்போது பேசக்கூடாது என்ற சட்டம் அதோடு போயிற்று.

மூர்த்தி பெருமூச்சு விட்டார். "வீடு என்னுது. டிவி எங்க என்னுது? காலையில பாப்பாவுக்குக் கார்ட்டூனு. மத்தியானம் தனலெட்சுமிக்கு நாடகம். சாயங்காலம் உங்க மருமகன் ரூபேந்திரன் சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சு வந்தா பந்து மேட்ச். நான் இன்னும் ஒரு படம் முழுசா பாக்கல, தெரியுமா? ரிமோட்டையும் பாப்பா கடிச்சு வச்சுருச்சு. நிறுத்துற பட்டன் வேலை செய்யல." மனைவியின் பெயரைச் சொல்லும்போது குரலை இன்னும் தாழ்த்தினார். "டயர் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். பொந்தியான் பூராவும் தியேட்டர் செத்துப்போச்சுன்னு சொல்லி வச்சுட்டேன். அங்கிட்டு யாராச்சும் பாத்தா மானம் போயிரும்."

"சரி, இத்தன எடம் காலியா இருக்க, ஏன் என் பக்கத்துல?"

"வேணும்னேவா வந்தேன்? நீங்கதான சொல்லிக்கிட்டே இருப்பீங்க, ஜி ஒன்பதுதான் நல்ல எடம்னு. அதத்தான் கேட்டேன். வித்துருச்சுன்னாங்க. சரி, பத்தாவது கொடுங்கன்னேன்."

தன் பேச்சை வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை என்பது கமலநாதனின் நெடுநாள் குறை. கேட்டு நடந்த ஒரே ஆள் இந்த மனிதரா? கைப்பிடியிலிருந்து முழங்கையை எடுத்து அவருக்கு இடம் விட்டார்.

"பாப்பா நடக்குறா," என்றார் மூர்த்தி மெதுவாக.

"கேள்விப்பட்டேன்."

"பாக்கல?"

கமலநாதன் இல்லை என்று தலையாட்டினார்.

மூர்த்தி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இருட்டைக் கிழித்துக்கொண்டு வெளிச்சம் அடித்தது. கமலநாதனின் தொண்டை பழக்க தோஷத்தில் அதட்டலுக்குத் தயாரானது. அதற்குள் கவிஷா வந்துவிட்டாள்.

உள்ளங்கை அகலத் திரையில், மூர்த்தி வீட்டு ஹாலில் நின்றாள். பின்னால் அந்தப் பூதாகரமான டிவியில் பன்றிக்குட்டியோ கரடிக்குட்டியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோபாவை விட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். கையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறாள்! இடது கால், வலது கால், மறுபடி இடது கால், நேராகக் கமலநாதனை நோக்கி வருவது மாதிரி வந்து, தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க," என்றார் கமலநாதன்.

பெரிய திரையில் வில்லனின் கோட்டை வெடித்துச் சிதறியது. நாற்காலி அதிர்ந்தது. ஜி வரிசையின் இரண்டு வழுக்கைத் தலைகளும் ஒட்டிக் குனிந்தபடி இருந்தன. இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. கண் கலங்கிப் பேத்தி மங்கலாகத் தெரிந்ததால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை.

பளீரென்று முகத்தில் டார்ச் விழுந்தது. "பாக்சிக்! தெலிபோன்!" பெரியவரே, போனை அணை என்று காக் ரோஸின் அதட்டல். கமலநாதனை இப்படிப் பிடிக்க எத்தனை நாள் காத்திருந்தாளோ, குரலில் அவ்வளவு ஆனந்தம்.

கமலநாதன் போனை மறைக்கவில்லை. வெளிச்சம் அவள் பக்கம் விழும்படி திருப்பிக் காட்டினார். "சூச்சு சாயா," என்றார் மலாயில், என் பேத்தி என்று. காக் ரோஸ் டார்ச்சை அணைத்துவிட்டுக் குனிந்தாள். "அலாலா, சோமெல்ஞா!" எவ்வளவு அழகு என்று கன்னத்தைக் கிள்ளுகிறவள் போலப் போனைத் தொட்டாள். மூர்த்தி அவளுக்காக மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

விளக்குப் போட்ட பிறகுதான் படம் முடிந்தது தெரிந்தது. காலியான திரையை இருவரும் பார்த்தார்கள்.

"கடைசில என்னா ஆச்சு?" என்றார் மூர்த்தி.

"யாருக்குத் தெரியும்?"

"செத்தானா, இல்லையா? இந்தத் தடவ உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா தெரியல சம்பந்தி."

"சரி விடுங்க. அடுத்த மாசம் டிவிக்கு வந்துரும். நம்ம வீட்ல பாத்துக்கலாம், வாங்க."

கமலநாதன் மடியிலிருந்த பாப்கார்னை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். "அந்த டிவி முன்னால உக்கார மாட்டேன்னு சொல்லிட்டனே," என்றார். வீம்பாகச் சொல்லவில்லை. யாராவது அந்தப் பேச்சை வாங்கிக் குப்பையில் போட்டுவிட மாட்டார்களா என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"உக்கார்றதா?" மூர்த்தி கைப்பிடியை ஊன்றி எழுந்தார். "நடக்குற புள்ள இருக்குற வீடு சம்பந்தி. உங்கள யாரு உக்கார விடப்போறா?"

கமலநாதன் எழுந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அடுத்த மாசம் வரைக்கும் எதுக்கு?" என்றார். "காரை எங்க நிறுத்தியிருக்கீங்க?"