கடற்கரை ரோட்டில் தொடங்கிய தியானம்

"ஏம்மா, பதினாலாந் தேதியா? கத்தோர்ஸ் ஜூயே அன்னைக்கா தியானம் வச்சிருக்க? உனக்கு மூளை கீளை இருக்கா?"

முசியே ரோஜே போட்ட சத்தம் மாதா கோயில் பங்கு மண்டபத்தைத் தாண்டி முதலியார்பேட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்காதவர்களுக்குப் பிற்பாடு நான் போய்ச் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம்.

"மூளை இருக்கறதாலதான் முசியே, ஈஸ்டருக்கு முன்னாடி லெந்து காலத்துலயே எடத்தப் புடிச்சு வச்சேன்" என்றாள் அமுதவல்லி.

"எடம் புடிச்ச, சரி. தேதிய யாரக் கேட்டுப் புடிச்ச?"

"காலண்டரக் கேட்டேன். சனிக்கிழமைன்னு சொல்லிச்சு."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். மரியாயின் சேனை சார்பில் நானும் அங்கே இருந்தேன், நானும் சிரித்தேன். நாலு வீடு சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்துக்குத் தலைவர், பாடகர் குழுத் தலைவி, பீடத்துக்குப் பூ வைப்பதற்கு ஒரு தலைவி என்று எங்கள் பங்கில் தலைவர்களுக்குக் குறைச்சலே கிடையாது. பின்னால் வருவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. இவர்கள் அத்தனை பேரையும் வருஷத்தில் ஒரு நாள் உட்காரவைத்துத் தலைமை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பதுதான் தலைவர்கள் தியானம்.

அதை இத்தனை வருஷமும் நடத்தியவர் ரோஜே. பிரஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனில் வந்தவர், பங்குப் பேரவையின் துணைத்தலைவர். அவர் தியானம் எப்போதும் ஒரே மாதிரி. கன்னியர் மடத்து ஹால், மூன்று பிரசங்கம், நடுவில் பிரியாணி. மூன்றாவது பிரசங்கத்துக்குப் பாதிப் பேர் தூக்கத்திலேயே ஆமென் சொல்வார்கள். கடைசியில் குரூப் போட்டோ, நடுநாயகமாக ரோஜே.

2007-ல் புதிதாக வந்த பங்குச்சாமியார் மதலைமுத்துதான் அந்தப் பொறுப்பைத் தூக்கி அமுதவல்லியிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கல்யாணமாகாதவள், எதற்கும் பதற மாட்டாள். நோணாங்குப்பத்தில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டையும் பேசி முடித்துவிட்டாள். தேதியில்தான் கோட்டை விட்டாள். ஜூலை பதினாலு பிரஞ்சுக்காரர்களின் தேசிய நாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளைப் பொறுத்தவரை அது கடற்கரையில் விளக்கு போடுகிற நாள், அவ்வளவுதான். இந்த ஊரில் பிரஞ்சு பாஸ்போர்ட் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் காலண்டர் வேறு.

"காலையில நாங்க மெடல் குத்திக்கிட்டு நினைவுச்சின்னத்துக்கு முன்னால நிக்கணும்" என்று ரோஜே விரலை மடக்கினார். "அப்புறம் கொன்சுலாவுல பிரஞ்சுத் தூதரு குடுக்கற விருந்து. தலைவருங்கள்ல எங்க பட்டாளத்து ஆளுங்கதான் நிறைய, ஒருத்தரும் வர மாட்டாங்க. மிச்சம் இருக்கறவங்களக் கூட்டிப் பாரு, பாதி தேறாது."

சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சண்டை வந்தால் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

"தேதிய மாத்த முடியாதா, அமுதா?"

"பிரசங்கத்துக்கு வர்ற சாமிக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் தோது, ஃபாதர். விட்டா ஆகஸ்ட் திருவிழா வந்துடும்."

"அப்ப ஒண்ணு செய்வோம். பாதிப் பேருக்கு மேல வந்தா, இனிமே வருஷா வருஷம் நீயே நடத்து. வரலன்னா பழையபடி முசியே ரோஜே பாத்துக்கட்டும்."

"சரி ஃபாதர்" என்றாள், ஏதோ மார்க்கெட்டுக்கு வழி கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி.

வெளியே வந்ததும் பெர்னதெத் அவளைப் பிடித்துக்கொண்டாள். பெர்னதெத் பாடகர் குழுத் தலைவி, என் அடுத்த வீட்டுக்காரி. "ஏம்மா இந்த வம்பு? உட்டுக் குடுத்துட்டுப் போயேன்."

"என் அன்பியத்துல ஜெபத்துக்கு வர்ற வீடு குறைஞ்சுகிட்டே போவுதுக்கா. ஏன்னு கேட்டா, 'உங்க தலைவருங்க போடற சண்டைய வேற வந்து பாக்கணுமா'ன்றாங்க. இருக்கறது வருஷத்துல ஒரு நாளு. அதையும் தூங்கிக் கழிக்க முடியாது."

பூ வைக்கிற தலைவியோடு பெர்னதெத் பேசியே ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம்தான் எங்களுக்கு வேலை வந்தது. சாயங்காலமானால் அமுதவல்லி ஒசேன் வீட்டுக்குப் போகிறாள். ஒருநாள் அல்ல, தினமும். ஒசேன் என்பது பிரஞ்சுக் கிறிஸ்தவப் பெயர்; ஆள் வயதானவர், ஒல்லியாகச் சட்டைக்குள் தொலைந்துபோனவர் மாதிரி இருப்பார். முதல் பூசைக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், யாரோடும் பேசாமல் போய்விடுவார். எந்தக் குழுவிலும் தலைவர் இல்லாத ஒரே மனிதர் என்பதால் யாரும் அவரைக் கவனித்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் யான் என்று ஒரு பேரன் இருந்தான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, பிரஞ்சு பாஸ்போர்ட்.

"என்னாத்துக்குடி அங்க போறா?" என்றேன்.

"இது என்னா கேள்வி? பாஸ்போர்ட்டுக்குத்தான்" என்றாள் பெர்னதெத். "நோணாங்குப்பத்துக்குன்னு சொல்லிட்டு பாரிசுக்கு வழி பாக்கறா."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிவதற்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர்தான் சொன்னோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு வேகம். ரோஜே முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அதே ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வந்தது. தியானத்தின் முதல் நிகழ்ச்சி கடற்கரை ரோட்டில், போர் நினைவுச்சின்னத்துக்கு முன்னால். தலைவர்கள் எல்லோரும் அணிவகுப்புக்கு வந்து மரியாதை செய்ய வேண்டும். பிறகு அங்கிருந்தே வேனில் நோணாங்குப்பம்.

ரோஜே வாசலில் நின்று சிரித்தார். "வாங்க வாங்க, நல்லா நின்னு பாருங்க. ஆனா வேன் காலியாதான் போவும். எங்களுக்குக் கொன்சுலாவுல சாப்பாடு."

பதினாலாம் தேதி காலை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், எங்களில் பலர் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பென்ஷன்காரர்கள் கோட்டும் மெடலுமாக வரிசையில் நின்றார்கள். ரோஜே பட்டன் போட முடியாத நீலக் கோட்டில், இரண்டாம் வரிசையில்.

இரண்டாம் வரிசையா? நான் பெர்னதெத்தைப் பார்த்தேன். அவள் முன்னால் கையைக் காட்டினாள்.

முன்னால் வந்து நின்றவர் ஒசேன். கோட்டின் ஒரு பக்கம் மெடல்களின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கார்தாவு!"

அந்த உடம்புக்குள் இப்படியொரு குரல் இருக்கும் என்று யார் நினைத்தது? வரிசை விறைத்தது. ரோஜேவுக்குத் தொப்பை காணாமல் போய், கோட்டின் பட்டன் தானாகச் சேர்ந்துவிடும் போல இருந்தது. அவர் அடுத்தவர் சொல்லிக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒசேன் யாருப்பா அப்படி?" என்று பக்கத்தில் நின்ற பேரன் யானிடம் கேட்டேன்.

"தாத்தா அட்ஜுதானா இருந்தாரு ஆன்ட்டி. ரோஜே மாமா மொத மொத பட்டாளத்துல சேந்தது அவரு கீழதான். இன்னிக்கும் அவரு சொன்னா மறுபேச்சு கெடையாது."

பெர்னதெத் என் கையைக் கிள்ளினாள். அமுதவல்லி தினமும் எதற்கு அந்த வீட்டுக்குப் போனாள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

மலர்வளையம் வைத்தார்கள், இரண்டு நாட்டுப் பண்ணும் முடிந்தது. பென்ஷன்காரர்கள் கொன்சுலா பக்கம் திரும்பினார்கள். அமுதவல்லி வேன் கதவைத் திறந்துவைத்தாள். ஒசேன் யானின் கையைப் பிடித்து ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தன் ஆட்களைப் பார்த்தார்.

"மோந்தே!" என்றார். ஏறுங்கள் என்று அர்த்தம்.

"மோன் அட்ஜுதான்... கொன்சுலாவுல விருந்து..." என்று இழுத்தார் ரோஜே.

ஒசேன் இரண்டாம் முறை சொல்லவில்லை. பார்த்தார். ரோஜே ஏறினார். அவர் ஏறியதும் மற்றவர்களும் மளமளவென்று ஏற, கடைசியில் எனக்கும் பெர்னதெத்துக்கும் இடமில்லாமல் ஆட்டோவில் போனோம்.

நோணாங்குப்பத்தில் ஒரே பிரசங்கம், அதுவும் சின்னது. பிறகு அமுதவல்லி எழுந்தாள். யாரோடு பேச்சில்லையோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும், பதில் பேசக் கூடாது என்றாள். முதலில் யாரும் அசையவில்லை. ஒசேன் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அசைந்தார்கள்.

பெர்னதெத் பூ வைக்கிற தலைவியிடம் போனாள். பேசாமல் இருந்ததில் அவளுக்கு வியர்த்தே விட்டது. ரோஜே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அமுதவல்லிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவள் பேசினாள், அவர் மெடல்களோடு கேட்டார். என்ன பேசினாள் என்று தெரிந்துகொள்ள நான் எவ்வளவோ பார்த்தேன். ஆற்றில் போன படகுகளின் மோட்டார் சத்தத்தில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அந்த மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

சாயங்காலம் சாமியார் எழுந்தார். முக்கால்வாசிப் பேர் கண்முன்னால் இருந்தார்கள். கணக்குப்படி அமுதவல்லி ஜெயித்தாயிற்று. ஆனாலும் அவருக்கு பயம்.

"அடுத்த வருஷம்... யாரு பாக்கறது?"

எல்லோரும் ரோஜேவைப் பார்த்தோம். ரோஜே ஒசேனைப் பார்த்தார். ஒசேன் பிரம்பு நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், மெடல்கள் ஏறி இறங்கின. உத்தரவு போட ஆளில்லை. ரோஜே என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

"இந்தப் பொண்ணே பாக்கட்டும், ஃபாதர்" என்றார். "தேதியும் இதுவே இருக்கட்டும். வேன்தான் சின்னது, அதமட்டும் மாத்தச் சொல்லுங்க."

"சரி முசியே" என்றாள் அமுதவல்லி. அப்போதுதான் அவள் கண் கலங்கியது, சட்டென்று துடைத்துக்கொண்டாள். "குரூப் போட்டோ எடுக்கலாமா? நடுவுல நீங்க."

போட்டோவில் நடுவில் இருப்பது நாற்காலியோடு ஒசேன், தூக்கத்தில். அவருக்குப் பின்னால் விறைப்பாக ரோஜே.

நாங்கள் கிளப்பிய பேச்சும் வீண்போகவில்லை. அது காதுக்கு வந்தபோது அமுதவல்லியும் யானும் சேர்ந்து சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, 2009 பொங்கல் கழிந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். இனி விமானம்தான் என்று ஊரே காத்திருந்தது. யானோ பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டு, எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தான். தியானத்தை விட்டு வர மாட்டேன் என்றாளாம் அவள்.

பிரான்சுக்குப் போனது ரோஜேதான், மகள் வீட்டுக்கு, பாரிசுக்குப் பக்கத்தில். ஜூலை பிறந்தால் சாமியாருக்குப் போன் வந்துவிடும், வேன் பெரிதுதானா என்று கேட்டு. அங்கே அவர் போகிற கோயிலில் தலைவர்கள் தியானம் என்ற வழக்கமே கிடையாதாம். ஆரம்பிக்கலாம் என்று அந்தப் பங்குச்சாமியாரை வாராவாரம் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அந்தச் சாமியாருக்காக எங்கள் மரியாயின் சேனையில் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தோம்.