பெனியமினாவின் முறை

பெனியமினாவின் படகு கரை திரும்பாத நான்காம் நாள், மலைச்சரிவில் இருந்த அவன் வீட்டுக்குள் கடல் வந்தது. எங்கள் சவாயி தீவில் அந்த வருஷம் மழை குறைவு, சேப்பங்கிழங்கு விலை இரட்டிப்பு. கடல் வந்தது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும். பக்கத்து வீட்டுப் பன்றிகள் காய்ந்த மண்ணில்தான் படுத்திருந்தன. சுவரே இல்லாத வீடு, சுற்றிலும் வெறும் தூண்கள். ஆனாலும் ஒரு சொட்டு வெளியே வழியவில்லை. முதல் நாள் கணுக்கால், ஒரு வாரத்தில் முழங்கால். அலையும் அடித்தது, மீனும் வந்தது. ஊர் இளவட்டங்கள் வாளி வாளியாக இறைத்துப் பார்த்தார்கள், இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

அவன் மனைவி மசினாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. புருஷன் இருக்கிறானா, இல்லையா என்பதுதான் அவளை அரித்துத் தின்றது. கண்ணை மூடினால் படகு கவிழ்ந்தது. திறந்தால் படகே இல்லை. 

எங்கள் ஊரில் பொழுது சாயும்போது, கோயில் மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை இரும்புத் தடியால் அடிப்பார்கள். அதன்பின் தெருவில் நாய் மட்டும்தான் நடமாடலாம். வீட்டுக்கு வீடு வட்டமாக உட்கார்ந்து ஜெபம். சின்னவரிலிருந்து பெரியவர்வரை முறைப்படி ஆளுக்கொரு வேத வசனம் சொல்லி, பெரியவர் ஜெபத்தை முடித்தபின்தான் சாப்பாடு. மசினா வீட்டில் ஐந்து வயது மகள் லாகி, மூத்தவள் தாலா, மசினா, அப்புறம் பெனியமினா, கடைசியில் அவன் அக்கா ஃபிதி. பெனியமினா சரியான சோம்பேறி. பன்னிரண்டு வருஷமாக வேதத்திலேயே சின்ன வசனத்தைத்தான் சொல்லிவந்தான். "இயேசு கண்ணீர் விட்டார்."

இப்போது அவன் முறை வந்ததும் ஜெபம் அங்கேயே நின்றது.

"ஏட்டி, பிள்ளைக பசியோட தூங்குதுக. அவன் வசனத்த நான் சொல்லி முடிச்சிருதேன்" என்றாள் ஃபிதி.

"வேண்டாம் மதினி. அவுக முறைய வேற ஆளு சொன்னா, அவுக செத்துட்டாகன்னு நாமளே ஆண்டவர்கிட்ட எழுதிக் குடுத்த மாதிரி."

"அப்போ சும்மா உக்காந்திருப்போம். இந்த மீனுகளாவது ரட்சிக்கப்படட்டும்."

போதகர் முழங்காலளவு தண்ணீரில் வந்து கெஞ்சினார். மசினா அசையவில்லை. முப்பத்தாறு நாள் அந்த வீட்டில் ஜெபமும் முடியவில்லை, யாரும் வயிறாரச் சாப்பிடவும் இல்லை. முப்பத்தேழாம் நாள், உட்கார்ந்தால் பெரியவர்களுக்குக் கழுத்தளவு. லாகி அத்தையின் தோளில் இருந்தாள். அவள் வசனம் முடிந்தது, தாலாவுடையது முடிந்தது, மசினாவுடையதும் முடிந்தது. அப்புறம் பெனியமினாவின் முறை.

"அம்மா, அப்பாவுக்குப் பதிலா நீ சொல்லும்மா. பசிக்கி" என்றாள் லாகி.

மசினா வாயைத் திறந்தாள். உப்புத் தண்ணீர் உள்ளே போனது. துப்பிவிட்டுச் சொன்னாள். வந்தது பெனியமினாவின் குரல். சாப்பாட்டுக்கு அவசரப்படும் அதே குரல். அத்தனை வருஷம் கேட்டுச் சிரித்த வசனம்தான். செத்துப்போன சிநேகிதனுக்காக அழுத ஆண்டவருக்குத் தன் அழுகை புரியாமலா போகும் என்று அன்றுதான் அவளுக்குப் பட்டது. வாய்விட்டு அழுதாள். ஃபிதி தன் வசனத்தைச் சொல்லி, ஜெபத்தை முடித்து, ஆமென் என்றாள். அலை நின்றது, தண்ணீர் இறங்கத் தொடங்கியது. எல்லாரும் சாப்பிட்டார்கள். மசினா அன்று விடியும்வரை தூங்கினாள்.

பெனியமினா வரவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. பாய்களைப் பலகைமேல் விரித்துக்கொண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"சாப்பாட்டுக்கு நாலு பேரு, ஜெபத்துக்கு அஞ்சு பேரு" என்றாள் மசினா.

அவர் ஐந்து என்று எழுதிக்கொண்டு, நனைந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.