நீலமேகம் மறுபடி பிறந்த கதை

பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் யாராவது செத்தால் கருங்கல்லில் பேர் வெட்டி, கல்லறை வாசலில் எலும்புக்கூட்டுச் சிலையையும் காவலுக்கு நிறுத்துவார்கள். அப்படிப் புதைக்கப்பட்டவர்களில் ஒருவரும் திரும்பி வந்து தொல்லை கொடுத்ததில்லை. எங்கள் குப்பத்துக்காரர்களுக்குக் கல்லுக்கு வசதி ஏது? அதனால்தான் நீலமேகம் திரும்பி வந்துவிட்டான்.

அவன் கடலுக்குப் போன அன்று கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. ஊர் அழுதது, கருமாதி செய்தது, அவன் பெண்டாட்டி லோகநாயகியின் தாலியை அறுத்தது. உண்மையில் டச்சுக்காரர்களின் ஆள்பிடிக்கிற கப்பல் ஒன்று அவனைத் தூக்கிக்கொண்டு போய், கடல் கடந்த படாவியா பட்டணத்தில் அடிமையாக விற்றிருந்தது. வாங்கிய எஜமான் சாகும்போது புண்ணியம் தேடி விடுவிக்க, பல வருஷம் கழித்து, துணி ஏற்ற வந்த கப்பலில் பாய் இழுத்து ஊர் சேர்ந்தான்.

முதலில் டச்சுக் கோட்டைக்குப் போய் முறையிட்டான். "உன்னை யாரும் பிடிக்கவில்லை. பிடிபடாதவன் எப்படித் திரும்பி வரமுடியும்?" என்று துரை கேட்டார். துபாஷி அதை மொழிபெயர்த்துவிட்டு, தன் பங்குக்குத் தலையும் ஆட்டினார். வெள்ளைக்காரன் அப்படித்தான், நம் ஜனம் நம்மைக் கைவிடாது என்று குப்பத்துக்கு வந்தான், பாவம்.

குப்பத்தின் பெரியதனக்காரர் கோதண்டம் அவனுக்குச் சித்தப்பா. பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாட்டில் பங்கு. அவன் செத்தால், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை பங்கு தாய் கையில் இருக்கும்; பிள்ளையில்லாமல் செத்தால் பங்காளிக்குப் போகும். நீலமேகத்தின் பங்கைக் கோதண்டம்தான் சுமந்துகொண்டிருந்தார். இறால் கொழுத்த முகத்துவாரத்துப் பங்கு. சுமை கொஞ்சம் கனம்தான்.

"கருமாதி பண்ண ஆளுக்குப் பாடு இல்ல, பொண்டாட்டியும் இல்ல. மறுபடி பொறந்தாத்தான் உசுரோட கீறதா கணக்கு" என்றார்.

பிறப்பதற்கும் முறை உண்டு. ஏரியில் முழுக்காட்டி, துணியில் சுற்றி, தூளியில் கிடத்தி, பிறகு ஒரு பெண் மடியில் ஏந்திச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்துப் பெயர் சொல்ல வேண்டும். நீலமேகத்தைப் பெற்றவள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தாள். செத்து வந்தவனை மடியில் வைத்தால் ஆகாது என்று மற்றப் பெண்கள் பின்வாங்கினார்கள். லோகநாயகிதான் உட்கார்ந்தாள். நரைத்த தாடியோடிருந்த அந்தத் தலையை மடியில் தாங்கி உதட்டில் இனிப்பைத் தடவினாள். இனி தொடவே முடியாது என்றிருந்தவனைத் தொடுகிறாள், அழுதுவிட்டாள். ஊர் குலவை போட்டது.

குலவை அடங்கியதும் கோதண்டம் கனைத்தார். "புள்ள பொறந்துட்டான், சந்தோசம். ஆனா இன்னும் கண்ணாலம் ஆவலியே. பாடு எப்டி?"

"என் பொண்டாட்டி இங்கதானே கீறா, சித்தப்பா?" என்றான் நீலமேகம், மடியில் கிடந்தபடியே.

"மடியில போட்டுத் தொட்டு வச்சவ உனக்கு ஆத்தா. ஆத்தாளக் கட்டிக்குவியா?"

ஊர் திகைத்தது. இது ஒருவர் புத்திக்கும் முன்னால் எட்டவில்லை. கோதண்டத்தின் புத்திக்காவது எட்டியிருந்ததா என்பது அவருக்கும் அம்மனுக்கும்தான் வெளிச்சம். நீலமேகத்துக்கு முகம் செத்துப்போனது. படாவியாவில் விற்கப்பட்டபோதுகூட அவன் இவளை இழந்ததாக நினைக்கவில்லை.

லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் ஆத்தா. அதுல மாத்தமில்லையே, மாமா?"

"இல்ல."

"ஊருக்கும் சம்மதந்தானே?"

எல்லாத் தலைகளும் ஆடின.

"புள்ள இல்லன்னுதானே பங்கு உங்க கைக்கு வந்துச்சு? இப்பதான் புள்ள கீதே. அது கண்ணாலம் கட்டற வரைக்கும் அப்பன் பாடு ஆத்தா கையில."

"அப்பனா? இதுக்கு அப்பன் யாரு?" என்று கோதண்டம் சீறினார்.

"உங்க அண்ணன் மவன்தான், செத்துப்போன நீலமேகம். வேற யாருன்னு சொல்ல வர்றீங்க?"

அவள் எழுந்து நீலமேகத்தின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "பச்சக் கொழந்தைய வெயில்ல போட்டு வச்சிகினு நாயம் பேசறீங்க. நான் வூட்டுக்கு இட்டுனு போறேன். பெத்தவ கேக்கறேன், புள்ள வேற எங்க படுக்கும்?"

அந்தக் கேள்வியையே தீர்ப்பாக்கிவிட்டு அவள் குழந்தையை நடத்திக்கொண்டு போனாள்.

மறுவருஷம் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அது நீலமேகத்துக்கு மகனா, தம்பியா என்று முடிவு செய்ய ஊர் கூடியது. லோகநாயகி இதற்கும் ஒரு பங்கு கேட்டுவிடுவாளோ என்று பயந்து, கோதண்டம்தான் முதல் ஆளாக எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.